கார் துடைக்கும் முறையை மாற்றுங்கள்: சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

நம் குடியிருப்புகளில் அன்றாடம் விடியற்காலையில் நடைபெறும் கார் துடைக்கும் வேலையின் முறையை மாற்றித் தர வேண்டும் என்று கேட்டு இம்மடலை எழுதுகிறேன். புதிதாக வாங்கிய காரின் பெயின்ட் சில மாதங்களிலேயே பொலிவிழந்து, வெயிலில் நிறுத்தினால் வட்டவட்டமாக நுண்கீறல்கள் தெரியும்போது, நாம் வெயிலையும் தூசியையும் நொந்துகொள்கிறோம். பெரும்பாலும் அக்கீறல்களுக்குக் காரணம் நாம் துடைக்கும் விதமே.

நிறப்பூச்சுக்கு மேலே காவலாக இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரான்) தடிமன் மட்டுமே கொண்டது. இரவில் படிந்த தூசியைத் தண்ணீர் ஊற்றி இளக்காமல் துணியால் இழுக்கும்போது, அதிலுள்ள மணல் துகள்கள் அந்த மெல்லிய பூச்சைக் கீறிக்கொண்டே நகர்கின்றன. பாலிஷ் போட்டால் கீறல் மறையும் என்பது உண்மைதான். ஆனால் பாலிஷ் என்பது அந்தப் பூச்சையே சிறிது தேய்த்து எடுப்பதாகும், எடுத்த பூச்சு திரும்ப வராது.

ஒரே வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் கொடுத்து, அலுவலகம் கிளம்பும் நேரத்துக்குள் வரிசையாகப் பல கார்களை முடிக்கச் சொல்லிவிட்டு, துடைப்பவர்களைக் குறைகூறுவது நியாயமன்று. அவர்களுடைய மாதக் கூலியில் ஒரு ரூபாயும் குறைக்காமல், தினமும் துடைப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை முறையாகக் கழுவ ஏற்பாடு செய்யுங்கள். நிழலில், பானெட் சூடு ஆறிய பின், முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டு, ஒரு வாளியில் கார் ஷாம்பு கரைசலும் மற்றொன்றில் துணியை அலசத் தண்ணீரும் வைத்துக்கொண்டு, கூரையிலிருந்து கீழ்நோக்கி மைக்ரோஃபைபர் துணியால் கழுவினால் போதும். சக்கரங்களுக்குத் தனித் துணி வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு, பெயின்டின் மேல் காப்பாகப் பூசும் மெழுகான வேக்ஸையும் சேர்த்துக் கழுவிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். இதற்கு ஹோஸ் பைப் தேவையில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதற்குச் சங்கங்கள் விதித்துள்ள தடையை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன்.

தண்ணீரைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு கிடந்ததைப் பார்த்த நாம், குடிநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைக்கூட வீணாக்கக் கூடாது என்று காருக்குப் பயன்படுத்துகிறோம். நோக்கம் நல்லது. ஆனால் குடிநீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்புகளெல்லாம் செறிந்திருப்பது அந்த நீரில்தான். அது பெயின்டின் மேல் காய்ந்தால் வெள்ளைத் திட்டுகளாகப் படிந்து, நாளடைவில் துடைத்தாலும் போகாத கறையாகிவிடும். கடினமான போர்வெல் தண்ணீரும் அப்படியே. ஆர்.ஓ. கழிக்கும் நீரைத் தரை கழுவ வைத்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டும், உப்பு ஏறக்குறைய இல்லாத நீரைப் பீப்பாயில் பிடித்து, காரைக் கடைசியாக அலசப் பயன்படுத்தலாம். எந்த நீரானாலும் காயவிடாமல் உடனே ஒற்றியெடுக்க வேண்டும்.

உரிமையாளர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பறவை எச்சத்தை அன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுக்கட்டும். தூசி படிந்த காரின் மேல் கவர் போட வேண்டாம். புது காருக்கு முதல் மாதம் வேக்ஸ் போடக் கூடாது என்ற பேச்சு, பட்டறையில் மறுபூச்சு அடித்த வண்டிக்குப் பொருந்துவது. தொழிற்சாலையில் சூளையில் உலர்த்தப்பட்ட பூச்சுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டியதில்லை.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, துணிகளும் வாளிகளும் வாங்கும் செலவைக் கார் வைத்திருப்போரிடமே வசூலிக்கத் தீர்மானம் நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கார் வைத்திருக்கும் ஒரு குடியிருப்பாளர்