டெங்கிக்கு முன்பே தயாராகும் ஆன்டிபாடி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் டெங்கி எச்சரிக்கைப் பதாகை மறுபடி ஏறியிருக்கும் நேரத்தில், நீங்கள் வெளியிட்ட டெங்கிக் கட்டுரை பயனுள்ளதாக இருந்தது. ஆனால் கிருமி நுழைந்த பிறகுதான் உடல் அதற்கேற்ற ஆன்டிபாடியை (கிருமியைப் பற்றிப் பிடிக்கும் புரதத்தை) வடிவமைக்கத் தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு உயிரியல் துணைப்பாடம் நடத்துகிறேன். இதை அப்படியே விட மனமில்லை.

ஆன்டிபாடி செய்யும் வெள்ளணுவான பி செல், எலும்பு மஜ்ஜையில் வளரும்போதே, எந்தக் கிருமியையும் பார்க்காமல், தன் ஆன்டிபாடி மரபணுவை வெட்டி ஒட்டிக்கொள்கிறது. ஆன்டிபாடியின் இரு வகைச் சங்கிலிகளில் பெரியதான கனமான சங்கிலிக்குரிய மரபணு, வி (V), டி (D), ஜே (J) என்ற மூவகைத் துண்டுகளாக இருக்கிறது: வி ஏறத்தாழ 40, டி 20க்கு மேல், ஜே 6. வகைக்கு ஒன்றாக எடுத்து இணைக்கும். மரபணு இப்படி இடம் மாறுவதை 1976ல் காட்டிய சுசுமு தொனெகாவா 1987ல் நோபெல் பரிசு பெற்றார். கிருமி வந்தபின் நடப்பதெல்லாம், பொருந்துகிற செல்லைப் பொறுக்கிப் பெருக்குவதும் அதற்கு மெருகேற்றுவதும்தான்.

இதில் எனக்குத் தீராத வியப்பு, அந்த வெட்டுக்கு உள்ள கட்டுப்பாடு. வெட்டுபவை ரேக்-1, ரேக்-2 என்ற இரு புரதங்கள். பி செல்களும், இன்னொரு வகை வெள்ளணுக்களான டி (T) செல்களும் வளரும் பருவத்தில்தான் அவை வேலை செய்யும். செல் பிரியத் தயாரானதும் ரேக்-2 சிதைக்கப்படும்; அறுந்த டிஎன்ஏவோடு செல் பிரிந்தால் விபரீதம். முதலில் டி (D) துண்டும் ஜே துண்டும் சேரும், அப்புறம்தான் வி. ஒட்டும் இடத்தில் மூன்றில் இரண்டு முறை, டிஎன்ஏவை மும்மூன்று எழுத்தாக வாசிக்கும் கணக்கு பிசகி மரபணு வீணாகும். அப்போது ஜோடியில் உள்ள மற்ற குரோமோசோமில் முயற்சி நடக்கும். ஒன்று சரியாக அமைந்துவிட்டால், அந்தக் கனமான சங்கிலி செல்லின் மேற்பரப்புக்கு வந்து தகவல் கொடுக்கும். உடனே ரேக் நிற்கும், மற்ற குரோமோசோம் பூட்டப்படும்.

இரண்டுமே சரியாக அமைந்தால்தான் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. ஒரே செல் இரண்டு விதமான ஆன்டிபாடி செய்யும். கிருமிக்குப் பொருந்தும் ஒன்றுக்காக அதைப் பெருக்கினால், வேண்டாத இன்னொன்றும் கூடவே பெருகும். அது நம் உடலையே தாக்கக்கூடியதாகவும் இருக்கலாம்.

செல் சில முறை பெருகிய பின் ரேக் திரும்ப வந்து, ஆன்டிபாடியின் சிறிய சங்கிலியான லேசான சங்கிலியை அமைக்கிறது. அமைந்த ஆன்டிபாடி சொந்த உடலோடு ஒட்டினால், லேசான சங்கிலியை மாற்றிப் பார்க்க இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தேறாத செல் பெரும்பாலும் மடியும்.

இந்தக் காவல் தவறும்போது நோய் வருகிறது. ரேக் மரபணு அடியோடு பழுதானால் பி, டி செல்களே இல்லாமல் குழந்தை பிறக்கும். கனமான சங்கிலியின் மரபணு இருக்கும் 14ஆம் குரோமோசோமில் வெட்டிய இடத்தில் 18ஆம் குரோமோசோமின் துண்டு ஒட்டிக்கொண்டால், ஃபோலிகுலர் லிம்ஃபோமா என்ற புற்றுநோய்க்கு அது முதல் படி.

நம் பிள்ளைகள் தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பாடம் இது. அவர்களின் பெற்றோருக்கும் நிச்சயம் புரியும். பயோபொலிஸ் உயிரியல் ஆய்வு மையத்தின் ஆய்வாளர்கள் யாரையாவது கேட்டு, படங்களோடு ஒரு முழுப்பக்கக் கட்டுரை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உயிரியல் துணைப்பாட ஆசிரியர்,
ஈசூன்