முதலில் படங்கள், பிறகு பழுதுபார்ப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெதுவாகிப்போன பழைய மடிக்கணினியைச் சரிசெய்யும் வழிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். ஹார்ட் டிஸ்க்கைச் சோதித்துப் பிழை திருத்துவது, டிஃப்ராக் செய்வது, எதுவும் பலிக்காவிட்டால் ஃபார்மேட் செய்து, அதாவது டிஸ்க்கில் உள்ளதை அழித்துவிட்டு, விண்டோஸை மறுபடி நிறுவுவது என்று அதில் வரிசையாகச் சொல்லியிருந்தார்கள். ஆரோக்கியமான கணினிக்கு இவை பொருந்தலாம். ஆனால் அடிக்கடி உறைந்து நிற்கிற, ஒரு ஃபோல்டரைத் திறக்கவே நிமிடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிற மடிக்கணினியில், குடும்பப் படங்களை வெளியே எடுத்து வைப்பதற்கு முன் இவற்றில் எதைச் செய்தாலும் அந்தப் படங்களுக்கு ஆபத்துதான். இந்த ஒரு விஷயத்தை அக்குறிப்பு எங்கும் சொல்லவில்லை என்பதால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காரணம் எளிமையானது. பழைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் தட்டுக்கு மேலே, சில நானோமீட்டர் இடைவெளியில், படிக்கும் முனை மிதந்துகொண்டிருக்கிறது. தட்டில் சில இடங்கள் கெட்டுவிட்டால் அம்முனை அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது. நாம் மெதுவாகிவிட்டது என்று அலுத்துக்கொள்வது பல நேரங்களில் இந்த முயற்சியைத்தான். டிஃப்ராக் என்பது இத்தகைய டிஸ்க்கின் உள்ளடக்கத்தை இடம் மாற்றி மாற்றி எழுதும் வேலை. செக்டிஸ்க் போன்ற பிழைதிருத்தும் கருவியோ, டிஸ்க்கின் அட்டவணையைச் சீராக்குவதையே முதல் கடமையாகக் கொண்டது. அதற்காகப் படிக்க முடியாத கோப்புகளைத் துண்டுகளாக்கி வேறொரு ஃபோல்டரில் போட்டுவிடவும் அது தயங்காது. டிஸ்க் ஒழுங்காகிவிட்டது என்ற செய்தி திரையில் வரும், படம் போயிருக்கும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, பழுது எங்கே இருக்கிறது என்பது. மடிக்கணினி இயங்கவில்லை என்றால் உள்ளே இருப்பவையும் போய்விட்டன என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். திரை இருண்டுபோனால், எச்டிஎம்ஐ கேபிள் மூலம் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், செத்துவிட்டது என்று பரண்மேல் போட்டுவைத்திருந்த மடிக்கணினி அப்படி இணைத்தவுடன் வழக்கம்போலக் கடவுச்சொல்லைக் கேட்டது. கெட்டிருந்தது திரையின் விளக்கு மட்டுமே. கீபோர்டு வேலை செய்யவில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் போதும். டச்பேட் மேலெழும்பி, மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தால், அது பேட்டரி உப்பியதன் அடையாளம். அதை அழுத்தவோ, மீண்டும் சார்ஜ் செய்யவோ கூடாது. பேட்டரியை முறையாகக் கழற்றிய பிறகு, பெரும்பாலான மடிக்கணினிகள் சார்ஜர் இணைப்பில் மட்டுமே ஓடும்.

கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டே போய்விட்டாலும் டிஸ்க் நலமாக இருக்க வாய்ப்புண்டு. பழைய மடிக்கணினியின் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினால், உள்ளங்கையில் அடங்கும் இரண்டரை அங்குல டிஸ்க் தனியே வந்துவிடும். சாட்டா எனப்படும் டிஸ்க் இணைப்பிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் ஒரு சிறு கேபிளில் அதைப் பொருத்தினால், வேறொரு கணினியில் அது பென்டிரைவ் போலத் தெரியும். சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் சேமிக்கும், பட்டையான எம்.2 வகை எஸ்எஸ்டி என்றால் அதற்கேற்ற உறை வேண்டும். அதிலும் சாட்டா, என்விஎம்இ என இரு இணைப்பு வகைகள் இருப்பதால் பார்த்து வாங்க வேண்டும். 2018-க்குப் பிறகு வந்த மேக்புக்குகளிலும், மலிவான சில சிறு மடிக்கணினிகளிலும் சேமிப்புச் சில்லு மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தனியே கழற்ற வழியே கிடையாது என்பதால், அத்தகைய கணினி தள்ளாடத் தொடங்கும்போதே படங்களை எடுத்துவிட வேண்டும்.

டிஸ்க்கின் உடல்நிலையை அறிய, அதிலேயே ஸ்மார்ட் எனப்படும் தற்பரிசோதனைப் பதிவு இருக்கிறது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். அதில் 5, 197, 198 என்ற எண்களுக்கு எதிரே உள்ள மூல மதிப்பு பூஜ்யமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால், கெட்டுப்போன இடங்கள் பெருகுகின்றன என்று பொருள். ஆனால் பதிவு சுத்தமாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பி நிம்மதியடையவும் கூடாது. எந்த முன்னறிவிப்பும் தராமல் நின்றுபோகும் டிஸ்க்குகளும் உண்டு. டிக், டிக் என்று சீரான இடைவெளியில் தட்டும் ஓசை கேட்டால் பதிவைப் பார்க்கவே வேண்டாம், உடனே அணைத்துவிட வேண்டும். முனை தட்டில் உரசிக்கொண்டிருந்தால், இயங்கும் ஒவ்வொரு நொடியும் படங்கள் பொடியாகிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் தூசியற்ற அறை வசதியுள்ள மீட்பு நிறுவனங்களால் மட்டுமே ஏதாவது செய்ய முடியும். டிஸ்க்கைப் பையில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் உயிர்பெறும் என்று இன்னமும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும் என்பதுதான் அதில் உறுதியான பலன்.

டிஸ்க் இன்னும் படிக்கும் நிலையில் இருக்கிறதென்றால், எதை முதலில் எடுப்பது என்பதுதான் முக்கியம். எரிகிற வீட்டில் பிடுங்கிய வரை லாபம் என்பார்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்குக்கு அது அப்படியே பொருந்தும். வேறெங்கும் இல்லாத படங்களை முதலில் எடுக்க வேண்டும். அண்மைக் காலத்து கைப்பேசிப் படங்கள் கூகுள் ஃபோட்டோஸிலோ ஐகிளவுடிலோ உறவினர் ஒருவரின் கைப்பேசியிலோ பெரும்பாலும் கிடைத்துவிடும். டிஜிட்டல் கேமரா வைத்திருந்த காலத்துப் படங்களின் கதை வேறு. மெமரி கார்டு நிறைந்ததும் படங்களைக் கணினியில் ஏற்றிவிட்டு, கார்டை அழித்து மறுபடி பயன்படுத்தினோம்; பிரிண்ட் போட்டது சிலவற்றை மட்டுமே. ஃபிலிம் இருந்தவரை நெகட்டிவாவது மிஞ்சியது, கைப்பேசி வந்தபின் கிளவுட் வந்தது. நடுவே உள்ள சில ஆண்டுகளுக்குப் பல குடும்பங்களில் ஒரே சாட்சி அந்தப் பழைய மடிக்கணினிதான்.

அவை எங்கே இருக்கின்றன என்பதும் எப்போதும் தெளிவாக இருக்காது. பிக்சர்ஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள், டெஸ்க்டாப்பில் புதிய ஃபோல்டர், புதிய ஃபோல்டர் 2 என்ற பெயர்களில் கிடப்பவற்றையும், டவுன்லோட்ஸையும், டி டிரைவையும் மறந்துவிடுகிறார்கள். கூகுள் 2016-இல் கைவிட்ட பிகாசா என்ற பட மென்பொருளில் படங்களைத் திருத்திச் சேமித்தவர்களுக்கு, திருத்தப்படாத மூலப் படம் அதே ஃபோல்டருக்குள் மறைவான ஒரு துணை ஃபோல்டரில் இருக்கக்கூடும். எனவே படங்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து எடுக்காமல், பயனரின் ஃபோல்டரை மறைந்தவை உட்பட முழுதாக எடுப்பதே நல்லது. தேவையற்றவற்றை நீக்குவதும், ஒரே படத்தின் பல பிரதிகளைக் களைவதும், ஆண்டு வாரியாக அடுக்குவதும் புதிய கணினியில் ஆற அமரச் செய்ய வேண்டிய வேலைகள். நோயுற்ற கணினியில் உட்கார்ந்து அவற்றைச் செய்வதைப் போன்ற வீண்வேலை இல்லை.

நகலெடுக்கும் முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கட் செய்து ஒட்டக் கூடாது, காப்பி மட்டுமே செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இழுத்துப் போட்டால், படிக்க முடியாத ஒரே ஒரு கோப்பில் மாட்டிக்கொண்டு, மீதமுள்ள நேரம் என்ற வரியில் நிமிடங்கள் மணிகளாக வளரும். விண்டோஸிலேயே உள்ள ரோபோகாப்பி என்ற கட்டளை இதற்கு உதவும். ஆனால் நாம் மாற்றிச் சொல்லாவிட்டால், படிக்க முடியாத கோப்பை 30 விநாடிக்கு ஒரு முறையாக 10 லட்சம் முறை அது முயன்று பார்க்கும். கணக்குப் போட்டால், ஒரு படத்துக்காகவே ஏறக்குறைய ஒரு வருடம். முயற்சிகளின் எண்ணிக்கையை ஒன்று என்றோ பூஜ்யம் என்றோ குறைத்துவிட்டால், கெட்டதைத் தாண்டி நல்லவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடும். டிஸ்க் மிகவும் மோசமாக இருந்தால், விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தில் டிடி ரெஸ்க்யூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. அது நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் எடுத்து, எதை எடுத்தோம், எதை விட்டோம் என்று குறிப்பெழுதி வைத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பும். பழைய டிஸ்க்கின் அளவுக்குக் குறையாத இடமுள்ள இன்னொரு டிஸ்க் அதற்குத் தேவை.

விண்டோஸே துவங்கவில்லை என்றாலும் உபுண்டு போன்ற லினக்ஸைப் பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கி, பழைய டிஸ்க்கில் எதையும் நிறுவாமலேயே படங்களை எடுக்கலாம். நிறுவு என்ற பொத்தானை மறந்தும் அழுத்தாமல், முயன்று பார் என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். டிஸ்க்கைக் கழற்றி வேறொரு விண்டோஸ் கணினியில் இணைப்பவர்களுக்கு, இந்த ஃபோல்டரைத் திறக்க உங்களுக்கு அனுமதியில்லை, தொடரலாமா என்ற கேள்வி வரும். தொடர்க என்று சொன்னால், அந்த டிஸ்க்கில் உள்ள கோப்புகளின் அனுமதிக் குறிப்புகளையெல்லாம் விண்டோஸ் மாற்றி எழுதத் தொடங்கும். பலவீனமான டிஸ்க்குக்கு அது தேவையில்லாத சுமை. லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

பலரும் எதிர்பாராத இன்னொரு தடை, சாவியின்றி டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர். ஓரளவு புதிய மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தபோதே டிஸ்க் தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கலாம், உரியவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். டிஸ்க்கைக் கழற்றினாலும் மதர்போர்டை மாற்றினாலும் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கப்படும். பெரும்பாலும் அது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். கணினி இன்னும் இயங்கும்போதே அதைப் பார்த்துக் காகிதத்தில் குறித்துவைப்பது நல்லது. சாவி இல்லையென்றால், டிஸ்க் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் படங்கள் இல்லை.

படங்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றால், முதலில் வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில்; கிளவுடில் அல்ல. எந்த நேரமும் நின்றுபோகக்கூடிய கணினியிலிருந்து இணையத்தில் ஏற்றுவது மிக மெதுவான வழி. வெளிப்புற டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோவை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறையில் இருந்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் எழுதலாம். படங்களை வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிப் பாதுகாப்பதாக நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் புகைப்படமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதியைச் சொல்லும் உள்தகவலும் போய்விடும்.

ஒரு நகல் எடுத்துவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில் என்ற 3-2-1 விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோ என்ற புகைப்படக் கலைஞர்தான். நல்ல கணினிக்கு மாறிய பின் கிளவுடை மூன்றாவது பிரதியாகக் கொள்ளலாம். அதன் நிபந்தனைகளையும் அறிந்திருக்க வேண்டும். கூகுள் ஃபோட்டோஸின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1-ஆம் தேதி முடிந்தது. இப்போது இலவச 15 ஜிபியை ஜிமெயிலோடும் டிரைவோடும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கவும் அந்நிறுவனத்தின் விதி இடம்தருகிறது. ஒன்டிரைவ் போன்ற ஒத்திசைவுச் சேவைகளில், கணினியில் அழித்தால் அங்கும் அழிந்துவிடும், குப்பைத்தொட்டியில் சில நாள் இருப்பதோடு சரி. அதனால் அவற்றை மட்டுமே பேக்கப் என்று எண்ணுவது தவறு.

நகல் முடிந்ததும் சரிபார்க்காமல் விடக் கூடாது. இரு பக்கத்து ஃபோல்டர்களிலும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த பைட்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்ப்பது தொடக்கம் மட்டுமே. கோப்பின் அளவு சரியாக இருந்தும் படம் கெட்டிருக்கலாம். மேல்பாதியில் முகம் தெளிவாகத் தெரிய, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும் படங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிறு உருவில் பார்த்தால் சில சமயம் இது தெரியவே தெரியாது, ஏனென்றால் கேமரா பதித்த சிறு உருவம் கோப்பின் தொடக்கத்தில் தனியாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு ஃபோல்டரிலும் சிலவற்றையாவது முழுத்திரையில், வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்ட நிலையில், பழைய மடிக்கணினிகளை மாற்றுவோரும் பழுதுபார்க்கக் கொடுப்போரும் இன்னும் பெருகுவார்கள். கொடுக்கும்போது, ஃபார்மேட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்க வேண்டும். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். திரையை மாற்றவோ சார்ஜர் துளையைச் சரிசெய்யவோ டிஸ்க் அவசியமில்லை. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் பழுதுபார்ப்பவர்களிடமே வேறு டிஸ்க் இருக்கும். தங்கள் தொழில்நுட்பப் பகுதியில் அடுத்த முறை இத்தகைய குறிப்பு வெளிவரும்போது, ஃபார்மேட் என்ற சொல்லுக்கு முன்பாகவே இந்த எச்சரிக்கை இடம்பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்