துப்பாக்கி சுடும் போட்டிக்கான பெல்லட்டுகள் (சிறு ஈயக் குண்டுகள்) மாறி வந்தது குறித்தும் உங்கள் சேவைப் பிரிவு நடந்துகொண்ட விதம் குறித்தும் புகார்

அனுப்புநர்:
உங்கள் பதிவேட்டில் உள்ள வாடிக்கையாளர்,
திருநகர், மதுரை.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் மாறி மாறி முறையிட்டு, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவருக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன பிறகுதான் இந்தக் கடிதத்தை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன். இதையாவது ஒருவர் முழுவதுமாகப் படிப்பார் என்று நம்புகிறேன்.

10 மீட்டர் ஏர் பிஸ்டல் (காற்றழுத்தக் கைத்துப்பாக்கி) சுடும் எங்கள் சிறு குழுவுக்காக, எல்லோரிடமும் பணம் திரட்டி, உங்களிடம் 4.49 மில்லிமீட்டர் தலைவிட்டமுள்ள (தலைப்பகுதியின் விட்டம்), பிஸ்டலுக்கான எடையுள்ள பெல்லட் டின்கள் இருபது கேட்டிருந்தேன். அனைத்தும் ஒரே லாட் எண்ணில், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியில், இருக்க வேண்டும் என்பதே என் ஒரே நிபந்தனை. அந்த லாட் எண்ணை மின்னஞ்சலில் குறிப்பிட்டேன். கையிருப்பு உள்ளது, அதையே அனுப்புகிறோம் என்று உங்கள் விற்பனைப் பிரிவு பதில் எழுதியது. அந்தப் பதிலை நம்பித்தான் முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்தினேன்.

வந்த பெட்டியைத் திறந்தபோது டின்களின் அடியில் ஒட்டியிருந்த லாட் எண்கள் ஆளுக்கொன்றாக இருந்தன. நாங்கள் கேட்ட லாட் அவற்றில் பாதிகூட இல்லை. சில டின்களில் தலைவிட்டம் 4.50 என்று இருந்தது. அதைவிடக் கொடுமை, 0.53 கிராம் எடையுள்ள ரைஃபிள் பெல்லட் டின்களும் நடுவே செருகப்பட்டிருந்தன. மூடியின் நிறம் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று உங்கள் கிடங்கில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போலும்.

சரியான லாட் எண்ணோடு வந்த டின்களாவது தேறும் என்று பார்த்தால், அவற்றிலும் பலவற்றில் மூடிக்குக் கீழே இருக்க வேண்டிய பஞ்சு வட்டம் இல்லை. அது இல்லாமல் 500 பெல்லட்டுகள் ஒரு தகர டின்னுக்குள் கூரியர் வண்டியில் உருண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டின்னை வெள்ளைத் துணியில் கொட்டி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஸ்கர்ட் எனப்படும், பெல்லட்டின் விரிந்த பின்பகுதியின் விளிம்பு ஒன்றில் உள்ளே மடங்கியிருந்தது, இன்னொன்றில் வட்டம் நசுங்கி முட்டை வடிவமாகியிருந்தது. துணியில் சாம்பல் நிறத்தில் ஈயத்தூள் கோடு கோடாக ஒட்டிக்கொண்டது. பின்னால் வரும் காற்றை அடைத்துத் தாங்க வேண்டியதே அந்த விளிம்புதான். அது கோணலாக இருந்தால் காற்று கசிகிறது, வேகம் மாறுகிறது, பெல்லட் தன் இஷ்டத்துக்குப் போகிறது.

இதை உங்கள் சேவைப் பிரிவில் பேசிய ஒருவரிடம் பொறுமையாகவே விளக்கினேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “பலூன் சுடத்தானே சார், எதப் போட்டா என்ன? எல்லாம் ஈயந்தானே?” பின்னால் யாரோ சிரித்ததும் எனக்குக் கேட்டது. ஐயா, சித்திரைப் பொருட்காட்சியில் பலூன் சுட வருகிறவர் லாட் எண் கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதில்லை. போட்டிக்கான பெல்லட் என்று டின்னின் மேல் அச்சடித்து, அதற்கென்று கூடுதல் விலையும் வாங்கிக்கொண்டு, வாங்கியவனைப் பார்த்துப் பலூன் சுடுகிறவன் என்று சொல்ல உங்கள் ஊழியருக்கு எங்கிருந்து துணிவு வந்தது? அந்த அழைப்பு பதிவு செய்யப்படுவதாக உங்கள் கணினிக் குரலே முதலில் சொன்னது. அந்தப் பதிவை எடுத்து நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அவருக்காகவாவது நாங்கள் அந்த லாட்டை எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு துப்பாக்கிக் குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. ஒரே நிறுவனம் ஒரே ஆண்டில் செய்த இரண்டு பிஸ்டல்கள்கூட ஒரே பெல்லட்டை விரும்பும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதனால் 4.48, 4.49, 4.50 என்று தலைவிட்டம் வாரியாகவும், அவற்றுக்குள் லாட் வாரியாகவும் மாதிரிகளை வாங்கி, பிஸ்டலை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) அசையாமல் பூட்டி, பத்துப் பத்தாகச் சுட்டுத் தாளில் அளந்தோம். ஒரு லாட்டில் பத்துக் குண்டுகளும் சேர்ந்து செய்த துளையை ஒரு சட்டைப் பித்தானால் மூடிவிடலாம். அதே தலைவிட்டம், அதே எடை, வேறு லாட் என்றால் இரண்டு மூன்று குண்டுகள் கூட்டத்தை விட்டுத் தனியே போய் நின்றன. எங்களில் ஒருவரின் பழைய பிஸ்டலுக்கு மட்டும் 4.50 தான் ஒத்துப்போயிற்று. அவர் தனியாக வேறிடத்தில் வாங்கிக்கொண்டார், இன்று நிம்மதியாக இருக்கிறார்.

ஏர் பிஸ்டல் இலக்கில் பத்தாம் வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், அதன் நடுவே உள்ள சிறு வட்டமான உள் பத்து 5 மில்லிமீட்டர். 60 குண்டுகள் சுட்டு இருவர் ஒரே மதிப்பெண்ணில் நின்றால், உள் பத்துகளை எண்ணித்தான் முன்னவர் யார் என்று முடிவாகிறது. கை நடுங்கி ஒன்பது விழுந்தால் அது எங்கள் குறை, பயிற்சியால் சரிசெய்துகொள்வோம். கை சரியாக இருந்தும் பெல்லட் விலகிப்போனால், சுடுகிறவன் தன் பார்வையையும் விசை இழுப்பையும் சந்தேகிக்கத் தொடங்குகிறான். நீங்கள் அனுப்பிய டின்களைப் பயிற்சியில் பயன்படுத்திய இளைஞர்களுக்கு அதுதான் நேர்ந்தது. மாநிலப் போட்டிக்கு முந்தைய காலம் முழுவதும் பாழாயிற்று. ஓராண்டு உழைப்பு உங்கள் கிடங்கின் அலட்சியத்தில் கரைந்தது என்றே சொல்வேன். பணம் கொடுத்தவர்கள் முகத்தில் விழிக்க முடியாமல் நான் பயிற்சிக் கூடத்துக்குத் தாமதமாகப் போய்வருகிறேன்.

கோயம்புத்தூர்ப் பயணத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். டின்களை நேரில் கொண்டுவந்தால் சோதித்து உடனே மாற்றித் தருவோம் என்று உங்கள் தரப்பில்தான் சொன்னார்கள். இருபது டின்களில் ஈயம் மட்டுமே நாலரைக் கிலோவுக்கு மேல், தகரமும் பையும் தனி. அதைத் தூக்கிக்கொண்டு விடிவதற்கு முன்பே ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக வெயில் ஏறும்போது சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து உங்கள் கிளைக்குப் போனால், இணையத்தில் வாங்கியதை இங்கே பார்ப்பதில்லை, சென்னைக்கு எழுதுங்கள் என்றார் வரவேற்பில் இருந்த பெண். உட்காருங்கள் என்றுகூட அவர் சொல்லவில்லை. சென்னைக்கு எழுதினால், கோயம்புத்தூரில் ஏன் காட்டவில்லை என்று கேட்கிறார்கள். இதற்கிடையில், “உங்கள் குறை தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?” என்று குறுஞ்செய்தி வேறு.

திறந்த டின்களைத் திரும்பப் பெறுவதில்லை என்பது உங்கள் விதி என்கிறார்கள். திறக்காமல் உள்ளே நசுங்கியிருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது? லாட் எண் தவறு என்பது திறக்காமலேயே தெரிகிறதே, அந்த டின்களுக்கு என்ன விதி?

உங்கள் நிறுவனத்தின் பெல்லட்டில் எனக்குக் குறையில்லை. நல்ல பொருள் என்பதால்தான் அதே லாட்டைத் தேடி வந்தேன். எனவே இப்போதும் பணிவாகவே கேட்கிறேன். நான் கேட்ட லாட்டில் பஞ்சு வட்டத்தோடு இருபது டின்களை அனுப்புங்கள். அந்த லாட் தீர்ந்துவிட்டதென்றால் ஒளிக்காமல் சொல்லி, இருக்கும் லாட்களிலிருந்து மாதிரிகளைக் கட்டணமின்றி அனுப்புங்கள், நாங்கள் சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டும் முடியாதென்றால் முழுத் தொகையையும் கோயம்புத்தூர்ச் செலவையும் திருப்பித் தாருங்கள். பலூன் பேச்சுப் பேசியவர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். இதில் நான் இறங்கிவரப் போவதில்லை.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். ஒப்புகையே இதுவரை வரவில்லை. இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மன உளைச்சலுக்கு மட்டுமே ஐந்து லட்சம் கேட்பேன். பேருந்து ஏறி வருவது அப்போது உங்கள் முறை.

பயிற்சியில் செலவானது போக மீதியை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். எடுத்துச் செல்ல உங்கள் செலவில் ஆள் அனுப்புங்கள், முந்தின நாளே போன் செய்துவிட்டு வரச் சொல்லுங்கள். மாலையில் நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
மதுரை.

இணைப்பு: விலைப்பட்டியல், லாட் எண்ணை உறுதிசெய்த மின்னஞ்சல், டின்களின் அடிப்பகுதிப் படங்கள், சுட்டு அளந்த தாள்கள், பேருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல்கள்.