துண்டு அறிவிப்புகளுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த தமிழர்களைப் பற்றிக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். என் அப்பாவும் அங்கே ஃபிட்டர்தான். பணி ஓய்வுக்குப் பிறகு, தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி இணையத்தளத்தில் பழைய தமிழ் இதழ்களைப் புரட்டுவதே என் பொழுது. 1887இல் தொடங்கிய சிங்கை நேசன் வார இதழையும் அங்கே படிக்கலாம்.

பெரிய செய்திகளுக்கு நான் அலைய வேண்டியதில்லை. பிரிட்டிஷ் படை வெளியேறும் என்று 1968இல் அறிவித்ததும், அந்தத் தளத்தின் டாக்யார்டு, அதாவது கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை, கைமாறியதும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு வேண்டியவை மூலையில் பொடி எழுத்தில் கிடப்பவை: மரண அறிவித்தல், சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், நாடகச் சீட்டு கிடைக்குமிடம், நாகப்பட்டினம் போகும் ரஜூலா கப்பல் புறப்படும் நாள்.

கருமாதிக்குப் பின் ஓர் அண்ணன் தம்பிக்காகக் கொடுத்த நன்றி அறிவிப்பு ஒன்றைப் பார்த்தேன். பத்து வரிகூட இராது. தம்பி டாக்யார்டில் பெயிண்டர், சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். குவார்ட்டர்ஸ் எண் இருக்கிறது. லாரி கொடுத்து உதவிய நீ சூன் வட்டாரச் சீனக் கடைக்காரருக்கும், மலர்வளையம் அனுப்பிய மலையாளி நண்பர்களுக்கும், லீவு கொடுத்த போர்மன் துரைக்கும் நன்றி. மனைவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. ஊரிலேயே இருந்துவிட்டாரா, தந்தி போய்ச் சேர்ந்ததா? யார் யாரோடு பழகினார்கள், குடும்பம் எங்கே இருந்தது என்று ஆய்வு செய்கிறவருக்கு இந்த வரிகளும் சான்று, விடுபட்டதும் சான்று. மை அப்பிய பழைய அச்சில் கணினித் தேடல் தடுமாறுவதால், இவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கண் வலிதான், என்ன செய்ய!

1979 முதல் பதிவு செய்யப்பட்டு வரும் வாய்மொழி வரலாற்று நேர்காணல்களும் இருக்கின்றனவே என்பார்கள். அவற்றையும் கேட்கிறேன். ஆனால் வயதான காலத்தில் நினைவிலிருந்து சொல்வது வேறு, துக்க வீட்டில் உட்கார்ந்து எழுதிக் காசு கொடுத்து அச்சேற்றியது வேறு.

என் கவலை பழையதைப் பற்றியல்ல. அண்மையில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர் தவறிய செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. படம், புளோக் எண், மண்டாய் தகனச்சாலை நேரம் எல்லாம் ஒரே அட்டையில் இருந்தன. மறுநாளே அது அனுதாபச் செய்திகளுக்கு அடியில் போய்விட்டது. ஃபோனை மாற்றினால் அதுவும் போச்சு. சங்கக் கூட்டம், கோயில் திருப்பணி, நாடகம் எல்லாமே இப்போது இப்படித்தான் பறக்கின்றன. சிங்கப்பூரில் வெளியாகும் அச்சு வெளியீடு ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதிகளைத் தேசிய நூலகத்தில் சேர்க்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இணையத்தளங்களையும் நூலகம் சேமித்து வைக்கிறது. வாட்ஸ்அப் குழுவுக்குள் போய் யார் சேமிப்பார்கள்? 1950களின் தமிழர் வாழ்க்கை கிடைத்து, 2020களின் வாழ்க்கை கிடைக்காமல் போனால் வேடிக்கையாக இருக்காதா?

ஆகவே, வாரம் ஒரு நாள் சமூக அறிவிப்புகளுக்கென்று கால் பக்கம் ஒதுக்க முடியுமா? கட்டணம் வேண்டாம், அல்லது பெயருக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள். வண்ண அட்டையைப் படமாகப் போடாமல் எழுத்தாகவே அச்சிட வேண்டும், அப்போதுதான் நாளைக்குத் தேடக் கிடைக்கும். வீட்டு முகவரி வெளியே தெரிய வேண்டாம் என்கிற குடும்பம் வட்டாரப் பெயரோடு நிறுத்திக்கொள்ளட்டும். சங்கச் செயலாளர்களும் குழுவில் அனுப்பும் அதே தகவலை உங்களுக்கும் ஒரு தட்டு தட்டிவிட்டால் போதும்.

வருவதைத் தட்டச்சு செய்து ஒழுங்குபடுத்த ஆள் வேண்டுமென்றால், நானும் என் தோழியர் இருவரும் தயார். செவ்வாய், வியாழன் காலைகளில் எங்களுக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருவர்