மும்பை தாராவியில் எங்கள் கல்லி (சந்து) கமிட்டிக்கு

கமிட்டிப் பெரியவர்களுக்கும் கல்லி மக்களுக்கும் வணக்கம்.

மழைக்கு முன்னால் எல்லார் வீட்டுக் கூரையிலும் நீலத் தார்ப்பாய் விரித்து, காற்று தூக்காமல் இருக்கப் பழைய டயர்களை வைத்தோம். போன ஞாயிற்றுக்கிழமை ஏணி வைத்து ஏறி ஒரு டயருக்குள் எட்டிப் பார்த்தேன். தேங்கிய தண்ணீர் முழுக்க கொசுப்புழு. என் நிழல் விழுந்ததும் அத்தனையும் துள்ளித் துள்ளி அடியில் போய் ஒளிந்தன.

போன வருஷம் என் மகள் டெங்குவில் துவண்டு கிடந்தபோது நாம் சாக்கடையைத்தான் திட்டினோம். டெங்கு கொசு தேடுவது இந்த மாதிரி தெளிந்த தண்ணீரை: டயர், அப்புறம் வாசலில் நிற்கும் நம் தண்ணீர் டிரம். முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் அது காய்ந்தபடி மாதக்கணக்கில் கிடந்து, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். அதனால் நார் போட்டு அழுத்தித் தேய்க்க வேண்டும். முட்டை பொரித்துக் கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும். வாரம் ஒரு தடவை தேய்த்தாலே சங்கிலி அறுந்துவிடும். புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும், டிரம்முக்குள் இருக்கும் புழு சாகாது.

சரி, ஏன் யாரும் தேய்ப்பதில்லை? குழாய் வருவதே கொஞ்ச நேரம். நாளைக்கு வராவிட்டால் என்ன செய்வது என்ற பயம். என் வீட்டிலும் அதே பயம்தான், அதில் தப்பே இல்லை. அதனால் கமிட்டி முறை வைக்கட்டும். நம் கல்லியில் 28 வீடு. தினம் நாலு வீடு டிரம்மைக் காலி செய்து தேய்க்கட்டும். மறுநாள் தண்ணீர் வராமல் போனால், மற்ற வீடுகள் ஆளுக்கொரு குடம் கொடுப்போம்.

இந்தக் கொசு அதிக தூரம் பறக்காது, பெரும்பாலும் 200 மீட்டருக்குள்தான். ஊர் விட்டு ஊர் நோயைக் கொண்டுபோவது மனுஷன். குர்லாவில் வேலைக்குப் போன இடத்தில் கடிபட்டவர் இங்கே வந்து காய்ச்சலில் படுப்பார். அவரைக் கடித்த நம் கொசு, பத்து நாள் போல ஆனதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோயைக் கொடுக்கும். அது பகலில் கடிக்கிற கொசு. காய்ச்சல்காரரைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள்.

தார்ப்பாய்க்கு டயர் வேண்டாம், மணல் மூட்டை போதும். என் வீட்டு டயர் நாலையும் இறக்கி, தண்ணீரைக் கொட்டி, வாசலில் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடியிருக்கிறேன். கமிட்டி ஒரு டெம்போ பிடித்தால் எல்லா வீட்டு டயரையும் ஏற்றிவிட நான் வருகிறேன்.

இப்படிக்கு,
கல்லிக் கடைசி வீட்டுக்காரன்