ஸ்பானியப் படிகளோடு திரும்பிவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ரோம் நகரைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஸ்பானியப் படிகள், அடிவாரத்திலுள்ள படகு வடிவ நீரூற்று, 2019 முதல் அந்தப் படிகளில் உட்கார்ந்தால் அபராதம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் இருந்தன. படிகளுக்கு வலப்பக்கம் ஒட்டி நிற்கும் 26-ஆம் எண் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1821 பிப்ரவரி 23 அன்று, 25 வயதில் உயிர்விட்ட வீடு அது. அவர் கவிதைகளைப் பல காலம் கல்லூரியில் பாடம் நடத்தியவள் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

1909 முதல் அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீட்டில், கீட்ஸ் இறந்த அறை மூலையில் இருக்கிறது. மிகச் சிறியது. அங்கே கிடக்கும் கட்டில் அவருடையதல்ல. காசநோய் தொற்றும் என்று அன்றைய ரோமில் உறுதியாக நம்பினார்கள். நோயாளி இறந்ததும் அறையிலிருந்த சாமான்களை எரித்துவிட வேண்டும் என்பது சட்டம். அப்படியே எரித்தார்கள். எஞ்சியவை கணப்பும் மேற்கூரையும்தான். நீல நிறத்தில் வரிசை வரிசையாகப் பூக்கள் அமைந்த கூரை அது. அசைய முடியாமல் மல்லாந்து கிடந்த அந்த இளைஞர் வாரக்கணக்கில் பார்த்தது அந்தப் பூக்களைத்தான். அவருடையது என்று சொல்லி எதையோ வைத்து நம்மை ஏமாற்றாத அந்த நேர்மைக்காகவே அருங்காட்சியகத்தாரை நான் மதிக்கிறேன்.

கூடவே தங்கிப் பணிவிடை செய்த ஓவியர் ஜோசப் செவர்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர் நோயாளிக்கு அனுமதித்ததோ சிறிதளவு மீனும் ரொட்டியும். பசியில் கீட்ஸ் கெஞ்சியபோது பக்கத்தில் இருந்தவர் அவர். ஜனவரி 28 அதிகாலை மூன்று மணிக்குத் தூக்கத்தை விரட்ட நண்பரின் முகத்தை வரைந்தார். விழித்திருப்பதற்காக வரைந்தது என்று அவரே அதில் எழுதியும் வைத்தார். வியர்வையில் நெற்றியோடு ஒட்டிய முடியைக்கூட அந்தப் படம் காட்டுகிறது. இப்படி ஒரு நட்பை மாணவர்களுக்குச் சொல்லாமல் கவிதையை மட்டும் நடத்தினால் பாடம் பாதிதான்.

மற்ற அறைகளில் கீட்ஸ் காலத்து ஆங்கிலக் கவிஞர்களான ஷெல்லி, பைரன் தொடர்பான பொருள்களும் பெரிய நூலகமும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அரிய பொருள்கள் இரண்டு பெட்டிகளில், ரோமுக்குத் தெற்கே மலைமேல் இருக்கும் மான்டே கசினோ என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்கு அனுப்பப்பட்டன. 1944 பிப்ரவரியில் குண்டுவீச்சில் மடம் தரைமட்டமாவதற்கு முன்பே, அங்கிருந்த ஆவணக் காப்பாளர் அவற்றைத் தம் சொந்தச் சாமான்களோடு சேர்த்து வெளியே கொண்டுவந்துவிட்டார். அவர் துணிந்திருக்காவிட்டால் இன்று நாம் பார்க்கப் பல பொருள்கள் இருந்திருக்காது.

சுற்றுலா நிறுவனங்கள் பயணிகளைப் படிகளுக்கு முன் நிறுத்திப் படம் எடுக்க விட்டு, உடனே பஸ்ஸில் ஏற்றிவிடுகின்றன. அவ்வளவு தூரம் செலவு செய்து போகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. அடுத்த முறை ரோம் பற்றி எழுதும்போது இந்த வீட்டுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். மெட்ரோவில் ஸ்பாஞ்ஞா நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கீட்ஸின் கல்லறையையும் பார்க்க விரும்புவோர் பிரமிட் நிலையத்துக்குப் போக வேண்டும். கல்லில் அவர் பெயர் இருக்காது, 'இளம் ஆங்கிலக் கவிஞர்' என்றுதான் இருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், தேடுகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை