ஸ்லைஸுக்கு வெளியே இருப்பது

அன்புள்ள மகளுக்கு,

நினைவுக்கு முக்கியமான மூளைப்பகுதியான ஹிப்போகாம்பஸைச் சீவிய மெல்லிய துண்டிலிருந்து, அதுதான் உன் ஸ்லைஸிலிருந்து, நீ எடுத்து அனுப்பிய மின்பதிவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் சிஏ1 என்ற பகுதியிலுள்ள செல்களின் பதில், மின்தூண்டலுக்குப் பிறகு உயர்ந்து, மணிக்கணக்காகக் கீழே இறங்காமல் நிற்கிறது. 1973-இல் பிளிஸ், லோமோ என்ற ஆய்வாளர்கள் மயக்கத்தில் இருந்த முயல்களின் மூளையில் கண்டு வெளியிட்டதை நீ உன் கையால் எடுத்திருக்கிறாய். ரொம்பப் பெருமையாக இருக்கிறது அம்மா.

ஆனால் "நினைவு உருவாவதை நேரிலேயே பார்த்துட்டேன் அப்பா" என்று எழுதியிருந்தாயே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் ஸ்லைஸின் தடிமன் 400 மைக்ரான், அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதைச் சீவும்போது பிளேடு எதையெல்லாம் அறுத்துக்கொண்டு போகிறது என்று பார். செப்டம் என்ற மூளைப்பகுதியிலிருந்து ஃபார்னிக்ஸ் என்ற நரம்புக் கற்றை வழியாக வரும் இழைகள் போயின. மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் என்ற சிறு செல்தொகுதியிலிருந்து ஏறிவரும் இழைகள் போயின. மூளையின் வேறு பகுதிகளான அமிக்டலாவும் தலாமஸும் அனுப்புபவையும் போயின. அறுந்த நுனிகள் திசுவுக்குள் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அவற்றுக்குச் சொந்தமான செல்கள் அங்கே இல்லை. உங்கள் ஆய்வகத்திலேயே சிலர் ஸ்லைஸ் கிடக்கும் கரைசலில் கார்பகால் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள், கவனித்திருப்பாய். செப்டம் கொடுத்துக்கொண்டிருந்த அசிட்டைல்கோலின் என்ற செய்தி வேதிப்பொருளுக்கு அது ஒரு பதிலி. அதைச் சேர்த்ததும் அதே ஸ்லைஸில் தாளமான மின்அலைகள் எழத் தொடங்கும். செல்லும், செல்கள் இணையும் இடமான சினாப்ஸும் மாறவில்லை, வெளியிலிருந்து வருவதுதான் மாறியது.

ஹென்றி மொலைசனின் கதை உனக்குத் தெரியும். 1953-இல் வலிப்புக்காக அறுவை செய்தார்கள். அதன் பிறகு புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. 'ஹிப்போகாம்பஸை எடுத்துவிட்டார்கள்' என்றுதான் வகுப்பில் சொல்லித்தருகிறோம். ஆனால் 1990-களில் அவரை ஸ்கேன் செய்தபோது இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி, சுருங்கிப்போயிருந்தாலும், எஞ்சியிருந்தது தெரிந்தது. பெரும்பாலும் இல்லாமல் போயிருந்தது என்டோரைனல் கார்டெக்ஸ். பார்த்ததும் கேட்டதும் ஹிப்போகாம்பஸுக்குள் போகிற தலைவாசலே அதுதான். எஞ்சிய திசு பயன்படாமல் போனதற்கு, அதற்கு எதுவும் வந்து சேராததே காரணமாக இருக்கலாம் என்று அந்த ஸ்கேனைப் பார்த்தவர்கள் கருதினார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தகவலைக் கொண்டுவரும் இழைகள் ஒரு வகை என்றால், 'இப்போது என்ன வேலை' என்று சொல்லும் இழைகள் இன்னொரு வகை. இதில் என்னை இன்றும் அசரவைப்பது அசிட்டைல்கோலின்தான். விழித்து, கவனமாக ஒன்றைப் பார்க்கும்போது அதன் அளவு ஏறுகிறது. ஹிப்போகாம்பஸின் இன்னொரு பகுதியான சிஏ3-இன் செல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் இணைப்புகளை அது அடக்குகிறது. என்டோரைனலிலிருந்து வருவதை அவ்வளவாக அடக்குவதில்லை. அதனால் பழைய நினைவு குறுக்கிடாமல் புதியது பதிகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் அளவு இறங்குகிறது, அடக்கப்பட்ட இணைப்புகள் விடுபடுகின்றன, பகலில் நடந்தது கூர்அலைகள் என்ற மின்துடிப்புகளாக மீண்டும் ஓடி, மூளையின் மேலடுக்கான கார்டெக்ஸுக்குப் போகிறது. ஹாஸல்மோ என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இது. ஒரே சுற்று பகலில் எழுதுகிறது, இரவில் வாசித்துக்காட்டுகிறது. எதைச் செய்வது என்பதைச் சுற்று தனியாக முடிவு செய்வதில்லை.

2016-இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சோதனையையும் தேடிப் படி. சுண்டெலிகளுக்கு உணவு ஒளித்துவைத்த இடத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். மறுநாள் அது மறந்துபோகும் அளவுக்கு லேசாகத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஆனால் கற்ற அரைமணி நேரம் கழித்து அவற்றை முன்பின் பார்க்காத தரை விரித்த பெட்டியில் கொஞ்ச நேரம் விட்டால் மறுநாளும் நினைவு நிற்கிறது! புதுத்தரைக்கும் உணவுக்கும் சம்பந்தமே இல்லை. பெட்டிக்குப் பதிலாக லோகஸ் செருலியஸ் செல்களை ஒளியால் தூண்டினாலும் அதே பலன். இன்னும் வியப்பு என்னவென்றால், நோரட்ரீனலின் என்ற வேதிப்பொருளுக்குப் பேர்போன அந்தச் செல்களின் இந்த வேலையை, அதைப் பெறும் ஏற்பிகளை அடைத்தபோது நிறுத்த முடியவில்லை. ஹிப்போகாம்பஸில் டோபமைன் என்ற இன்னொரு வேதிப்பொருளின் ஏற்பிகளை அடைத்தபோதுதான் நின்றது. ஒரு சினாப்ஸ் வலுவாவதும், அந்த வலு மறுநாள் வரை நிலைப்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு வெகுதூரத்திலிருந்து ஒரு ஒப்புதல் வர வேண்டியிருக்கிறது.

பாட்டியின் கடைசி வருடங்களை நீயும் பார்த்தாய். அல்சைமரில் மிக முன்னதாகச் சாகும் செல்களில் என்டோரைனலின் இரண்டாம் அடுக்குச் செல்களும் உண்டு. ஹிப்போகாம்பஸ் சுற்றின் பகுதிகளான டென்டேட் கைரஸுக்கும் சிஏ3-க்கும் செய்தி கொண்டுபோவது அவைதான். பாட்டிக்குக் கொடுத்த டொனபெசில் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கிற மாத்திரை. நோயை அது நிறுத்தாது. கொஞ்ச காலம் தாங்கிப்பிடிக்கும். அந்த மாத்திரையை அவருக்குக் கொடுத்த நாட்களிலிருந்து, ஹிப்போகாம்பஸை மட்டும் தனியே எடுத்துப் பேச எனக்கு மனம் வருவதில்லை.

ஸ்லைஸை விட்டுவிடு என்று சொல்லவில்லை. அவ்வளவு துல்லியமாக வேறெங்கும் அளக்க முடியாது. ஆய்வுரையில் 'நினைவு' என்று எழுதும் இடத்தில் எல்லாம், எந்த உள்வரவு இருந்தது, எது அறுபட்டது என்பதையும் சேர்த்து எழுது. நீ சீவுவது குறுக்குவாட்டிலா, கிடைமட்டமாகவா? கிடைமட்டமென்றால் என்டோரைனலையும் சேர்த்தே எடுக்கலாம், அதன் மூன்றாம் அடுக்கிலிருந்து சிஏ1-க்கு நேரே வரும் பாதை அறுபடாமல் கிடைக்கும். வழிகாட்டியிடம் கேட்டுவிட்டு எழுது, அடுத்த கடிதத்தில் அதைப் பேசுவோம்.

அன்புடன்,
அப்பா